கதைக்கிற அளவுக்கு ஒரு கிற்றார் அம்ப்

எலெக்ரிக் கிற்றார் வாங்குகிற எல்லாருக்கும் முதல் கிழமையிலேயே ஒரு விசயம் விளங்கிவிடும். காசு குடுத்து வாங்கினது பாதி வாத்தியம்தான். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவதோடு பிக்அப்பின்ர வேலை முடிந்துவிடும். அதைச் சத்தமாக்குவது அம்ப். அம்ப் இல்லாமல் வாசித்தால் நுளம்பு பாடுகிற மாதிரி ஒரு ஒலிதான் வரும். அந்த மற்றப் பாதியை எப்படித் தெரிவு செய்வது எண்டு கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்லுவினம். யூரியூப்பில் தேடினால் இன்னும் நூறு பதில் வரும். ஆனால் அந்த வீடியோக்களில் வருகிற ஒருவரும் வாடகை வீட்டு மேல்மாடியில் இருக்கிறேல்லை. அவைக்குக் கீழ ஒரு ஆச்சியும் படுத்திருக்கிறேல்லை.

நாங்கள் மூன்று பேர். திருநெல்வேலியில், கம்பஸுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு வீட்டின் மேல்தட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களிடம் இருக்கிறது ஒரேயொரு எலெக்ரிக் கிற்றார். மூன்று பேரும் மாறி மாறி வாசிப்போம். கீழே வீட்டுக்கார அன்ரி, உயர்தரம் படிக்கிற அவவின்ர மகள், எண்பது கடந்த ஆச்சி. வேலையும் படிப்பும் முடிந்து நாங்கள் வாத்தியத்தைத் தொடுகிற நேரம் இரவு எட்டரை. ஆச்சி படுக்கிற நேரமும் அதுதான். இந்த இரண்டையும் ஒரே வீட்டுக்குள் வைத்திருக்கிற அம்ப் எது எண்டதுதான் எங்கட கேள்வி. மாதம் ஆளுக்கு 5,000 படி ஆறு மாதம் சேர்த்தோம். 90,000 ரூபா. அந்த ஆறு மாதத்தையும் சும்மா விடாமல் கிடைத்த அம்ப் எல்லாத்தையும் இரவல் வாங்கி வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்த்தோம். இந்தக் கட்டுரை அதில் தெரிந்துகொண்டது.

முதலில் வோட் கணக்கு. அம்ப் வாங்கப் போனால் கடைக்காரரும் சிநேகிதரும் முதல் கேட்பது "எத்தனை வோட்?" எண்டுதான். 100 வோட் அம்ப் 10 வோட் அம்பைவிடப் பத்து மடங்கு சத்தம் எண்டு எல்லாரும் நினைக்கிறோம். காது அப்படிக் கணக்குப் பார்க்கிறதில்லை. பலம் பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். 10 டெசிபல் கூடினால் எங்கட காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகப் படும். ஆக, 100 வோட்டுக்கும் 10 வோட்டுக்கும் இடையில் காது உணர்கிற வித்தியாசம் இரண்டு மடங்குதான். 50 வோட்டை 100 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல்.

இதை மற்றப் பக்கமாகத் திருப்பிப் பார்த்தால்தான் வீட்டுக்காரருக்குத் தேவையான விசயம் வெளியே வரும். வழக்கமான 12 அங்குல கிற்றார் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வோட் குடுத்தால், ஒரு மீற்றர் தூரத்தில் 97 தொடக்கம் 100 டெசிபல் வரைக்கும் சத்தம் வரும். சாதாரணமாக இருந்து கதைக்கிற சத்தம் 60 டெசிபல் அளவு. கதைக்கிற சத்தத்தைவிடக் கொஞ்சம் கூட, ஒரு 68 டெசிபலில் வாசிக்க வேண்டுமெண்டால் அந்த ஸ்பீக்கருக்குத் தேவைப்படுவது ஒரு வோட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயிரத்தில் ஒரு பங்கு! "வீட்டுக்கு 5 வோட் காணும்" எண்டு சொல்லுறவையின்ர 5 வோட்டை முழுதாகத் திறந்தால் 105 டெசிபல். அது வீட்டுச் சத்தம் இல்லை, கல்யாண மண்டபச் சத்தம். ஆகவே வோட்டைக் குறைத்துக்கொண்டு போவதால் மட்டும் பிரச்சினை தீராது. அந்த ஆயிரத்தில் ஒரு பங்கில் அம்ப் எப்படிக் கேட்கிறது எண்டதுதான் பார்க்க வேண்டிய விசயம்.

கிற்றார் அம்ப் ஏன் இப்படிக் கத்துகிற சாமானாகப் பிறந்தது எண்டதற்கு ஒரு கதை இருக்கிறது. லண்டனின் மேற்குப் பக்கத்தில் ஹான்வெல் எண்ட இடத்தில் ட்ரம்ஸ் படிப்பித்துக்கொண்டு கடை வைத்திருந்தவர் ஜிம் மார்ஷல். அமெரிக்காவின் ஃபென்டர் பாஸ்மன் அம்பைப் பார்த்து 1962இல் அவரும் அவருடைய ஆட்களும் ஜேரிஎம்45 எண்ட அம்பைச் செய்தார்கள். 1965 அளவில் தி ஹூ குழுவினர் இன்னும் சத்தம் வேண்டும் எண்டு கேட்க, 100 வோட் மார்ஷல் வந்தது. அந்தக் காலத்தில் மேடையில் கிற்றாருக்கு மைக் வைத்துப் பெரிய ஸ்பீக்கரில் விடுகிற வசதி குறைவு. மண்டபத்தின் கடைசி வரிசைவரைக்கும் சத்தத்தைக் கொண்டுபோகிற பொறுப்பு அம்பின்ர தலையிலதான் இருந்தது. அப்படி ரியூப் அம்பை உச்சத்துக்குத் தள்ளும்போது ரியூப்பும் ஸ்பீக்கரும் திணறும். அந்தத் திணறல்தான் நாங்கள் எல்லாரும் ஆசைப்படுகிற ரோன். நாங்கள் ரசித்த ரொக் பாட்டுகளின் கிற்றார் ஒலியில் பாதி, ஒரு இயந்திரம் தன்னால் முடிந்ததுக்கு மேல் வேலை செய்கிற சத்தம். அதை மெல்லமாகக் கேட்க ஆசைப்படுவது, ஓடிக் களைத்த மனுசனின் மூச்சை இருந்த இடத்திலேயே எடுக்கப் பார்க்கிற மாதிரி.

இந்த முரண்பாட்டைத் தீர்க்க ஐம்பது வருசமாக ஆட்கள் மினக்கெட்டிருக்கினம். முதல் வந்தது மாஸ்ரர் வொல்யூம்: முன்பகுதியில் கெயினைக் கூட்டித் திணறவைத்து, கடைசியில் சத்தத்தை மட்டும் குறைக்கிற இன்னொரு நொப். மார்ஷல் 1970களின் நடுப்பகுதியில் இதைப் போட்டது. பிறகு போஸ்டன் குழுவின் ரொம் ஷோல்ஸ். எம்.ஐ.ரி.யில் படித்த பொறியியலாளர். போலரொயிட் கம்பனியில் வேலை செய்துகொண்டே வீட்டு நிலக்கீழ் அறையில் ஒலிப்பதிவு செய்தவர். அம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று பலத்தை வெப்பமாக எரித்துவிடுகிற ஒரு பெட்டியை அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1982இல் வோக்மன் அளவில், ஹெட்போனில் கேட்கிற றொக்மன் எண்ட அம்பையும் செய்தார். பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாமல் நல்ல ரோன் வேண்டும் எண்ட ஆசை எங்களுடையது மட்டும் இல்லை எண்டு அறிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சின்ன அம்ப் எண்டால் மட்டமும் இல்லை. 1970இல் எரிக் கிளப்டன் லைலா இசைத்தட்டுக்குப் பாவித்ததில் 5 வோட் அளவான ஃபென்டர் சாம்பும் ஒன்று.

இனிக் காது. சத்தத்தைக் குறைத்தவுடன் ரோன் செத்துப்போகிறது எண்டு எல்லாரும் சொல்லுவினம். அதில் அம்பின் பங்கு பாதிதான். மிச்சம் எங்கட காதின் வேலை. 1933இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஃபிளெச்சர், மன்சன் எண்ட இரண்டு பேர் இதை அளந்து கோடுகளாக வரைந்தார்கள். மனிதக் காது 3000, 4000 ஹேர்ட்ஸ் அளவில் மிகக் கூர்மை. தாழ்ந்த சுரங்களில் மந்தம். சத்தம் குறையக் குறைய அந்த மந்தம் கூடும். மெல்லக் கேட்கும்போது 1000 ஹேர்ட்ஸ் ஒலிக்குச் சமனாக 100 ஹேர்ட்ஸ் ஒலியும் கேட்க வேண்டுமெண்டால் அதுக்கு 20 டெசிபலுக்கு மேல் கூடுதல் பலம் வேண்டும். கிற்றாரின் ஆகத் தடித்த கம்பி 82 ஹேர்ட்ஸ். சத்தத்தைக் குறைத்ததும் அந்தக் கம்பியின் உடம்பு மறைந்து, மேலே கீச்சென்ற பகுதி மட்டும் மிஞ்சுவது இதனாலதான். கடையில் 90 டெசிபலில் பாவித்துப் பார்த்து மயங்கி வாங்கின அம்ப், வீட்டில் 65இல் தகரப் பேணி மாதிரிக் கேட்கும். அம்ப் மாறவில்லை. கேட்கிற அளவு மாறிவிட்டது.

"அப்ப பேஸைக் கூட்டினால் சரிதானே" எண்டு தோன்றும். இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஆச்சி வந்தா.

முதலில் வீட்டுக்கு வந்தது ஒரு கல்யாண பாண்ட்காரருடைய 100 வோட் ட்ரான்சிஸ்ரர் அம்ப். 12 அங்குல ஸ்பீக்கர், இரண்டு பேர் தூக்க வேண்டும். அதை மெல்லமாக வைத்து, மெலிந்த ஒலியைத் தடிப்பாக்க பேஸைக் கூட்டி வாசித்தோம். மேலே எங்களுக்கு அருமையாக இருந்தது. சத்தமும் பெரிதில்லை, யன்னலுக்கு வெளியே நின்றால் அரிதாகத்தான் கேட்டது. அடுத்த நாள் காலமை ஆச்சி எங்களைக் கூப்பிட்டா.

"பாட்டு ஒண்டும் செய்யாது தம்பியவை. நீங்கள் பாடுங்கோ. அந்தத் தும் தும் எண்டு நிலத்தால வருது பாருங்கோ, அதுதான் நெஞ்சைப் பிடிக்குது. படுத்துக் கிடந்தனான், எழும்பி வெளியில வந்திட்டன்."

எழும்பி எங்கே வந்தவ எண்டு நாங்கள் கேட்கவில்லை. அன்ரிதான் பிறகு சொன்னா. முற்றத்தில், முந்தி பங்கர் வெட்டியிருந்த பலாமரத்தடியில் போய் நின்றிருக்கிறா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொம்பர் வந்த நாட்களில் எல்லாரும் ஓடின இடம். 95 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்து அதை மூடி, மேலே செவ்வரத்தை நட்டிருக்கினம். முப்பது வருசம் கடந்தும் தூக்கத்தில் இருக்கிற உடம்புக்கு அந்தச் செவ்வரத்தை தெரிவதில்லை. நிலம் அதிர்ந்தால் எழும்பி ஓடத்தான் தெரிகிறது.

நாங்கள் அந்தச் சத்தங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் இல்லை. எங்களுக்கு அதெல்லாம் மற்றவை சொன்ன கதைகள். திருவிழாக் காலத்தில் விடிய நாலரைக்குக் கோயில் குழாய் ஸ்பீக்கர் போட்டால் ஆச்சி ஒன்றும் சொல்லமாட்டா. அது மேலால, காற்றால வருகிற சத்தம். ஓட்டோவில் பாட்டைப் போட்டுக்கொண்டு போனாலும் பரவாயில்லை. அவவுக்குத் தாங்காதது நிலத்தால வருவது. ஒலியியலும் இதையேதான் சொல்கிறது. உயர்ந்த சுரங்களைச் சுவரும் கதவும் திரைச்சீலையும் ஓரளவு தடுத்துவிடும். தாழ்ந்த சுரம் இலேசில் நிற்காது. அம்ப் நேரே நிலத்தில் இருந்தால் அதன் பெட்டி அதிர்ந்து, கொங்கிறீற் தட்டு அதிர்ந்து, கீழ்வீட்டு முகடு முழுக்க ஒரு ஸ்பீக்கர் மாதிரி ஆகிவிடும். மேலே எங்கட காது தேடுகிற அதே பேஸ்தான் கீழே ஆச்சியை எழுப்புகிறது. மெல்லிய சத்தத்தில் நல்ல ரோன் எண்ட விசயத்தின் முழுச் சிக்கலும் இந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது.

அதுக்குப் பிறகு எங்கட சோதனை முறை மாறியது. ஒருவர் மேலே வாசிப்பார். ஒருவர் மேலே கேட்பார். மற்றவர் கீழே, ஆச்சியின் அறைக்கு வெளியே, விறாந்தைக் கதிரையில் இருப்பார். ஆச்சியும் அறைக்குள்ளே இருந்து தீர்ப்புச் சொல்லுவா. "இது காணாது", "இது பரவாயில்லை", "இது ஆரோ தூரத்தில வாசிக்கிற மாதிரி இருக்கு." தொலைபேசியில் டெசிபல் அளக்கிற செயலி ஒன்றையும் வைத்திருந்தோம். கடைசியில் அதைவிட ஆச்சியைத்தான் நம்பினோம். அந்தச் செயலி எங்கட குரலையும் ஃபானையும் சேர்த்து அளந்தது. ஆச்சி நிலத்தை மட்டும் அளந்தா.

இரண்டாவதாக வந்தது தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிற ஒரு அண்ணாவின் 5 வோட் ரியூப் அம்ப், 8 அங்குல ஸ்பீக்கர். அழகான சாமான். ஆனால் வொல்யூம் நொப்பில் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவிலேயே எங்கட முழு வாழ்க்கையும் முடிந்துவிடுகிறது. மயிரிழை திருப்பினால் ஒன்றும் இல்லை. இன்னொரு மயிரிழை திருப்பினால் கீழே தங்கச்சி புத்தகத்தை மூடுகிற சத்தம் கேட்கும். கடையில் பார்க்கும்போது இந்த ஒரு விசயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். மெல்லிய பக்கத்தில் நொப் எவ்வளவு ஆறுதலாக ஏறுகிறது? மற்றது, சும்மா போட்டு வைக்கும்போது வருகிற இரைச்சல். மேடையில் ஒருவருக்கும் கேட்காத 'ஸ்ஸ்ஸ்' எண்ட சத்தம், இரவு ஒன்பது மணி அறையில் வாசிப்போடு சேர்ந்து பாடும். சிங்கிள் கொயில் பிக்அப் உள்ள கிற்றார் எண்டால் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் முனகலும் கூட வரும். வீட்டு வயரிங்கில் ஏர்த் ஒழுங்காக இருக்கிறதா எண்டு பார்ப்பது அம்புக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது.

வயரிங் எண்டவுடன் இன்னொன்று. எங்கட ஊரில் அம்ப் வருகிற வழிகளில் ஒன்று வெளிநாட்டு மாமாமார். லண்டன், பாரிஸ், ஜேர்மனியில் இருந்து வந்தால் பிரச்சினை குறைவு. அங்கேயும் 230 வோல்ற்தான், பிளக்கை மாற்றினால் போதும். ரொறன்ரோவில் இருந்து வந்தால் 120 வோல்ற். ஜப்பான் பாவித்த சாமான் எண்டால் 100. அதை அப்படியே எங்கட சுவரில் செருகினால் முதல் நிமிசத்திலேயே கதை முடிந்துவிடும். பின்பக்கத்தில் என்ன வோல்ற் எழுதியிருக்கிறது எண்டு பார்த்து, தேவையெண்டால் அதன் வோட்டைத் தாங்கக்கூடிய ஸ்ரெப்டவுன் ட்ரான்ஸ்போமர் வாங்குங்கள். ரியூப் அம்பைத் திறந்து பார்க்கிற ஆசை வந்தால் அடக்குங்கள். உள்ளே 300, 400 வோல்ற் ஓடும். பிளக்கைக் கழற்றின பிறகும் அதில் உள்ள கொள்ளளவிகள் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். தெரிந்த ஆளிடம் குடுங்கள்.

"இவ்வளவு கரைச்சல் ஏன், ஹெட்போனைப் போட்டு வாசிக்கலாமே?" எண்டு வீட்டுக்கு வந்த எல்லாரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கிற்றாரிலேயே செருகுகிற, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஹெட்போன் அம்புகள் இருக்கின்றன. வொக்ஸ் அம்பிளக் அப்படி ஒன்று, இரண்டு சின்ன பற்றரியில் ஓடும். தனிய இருந்து பழகுகிறவருக்கு அதுவே போதும். வாங்கும்போது ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலியாகத் தருகிற வசதி அதில் இருக்கிறதா எண்டு பாருங்கள். கிற்றார் ஸ்பீக்கர் 5000 ஹேர்ட்ஸுக்கு மேலே பெரிதாக ஒன்றும் தராது. ஹெட்போன் எல்லாத்தையும் தரும். அந்த வடிகட்டல் இல்லாவிட்டால் டிஸ்ரோர்ஷன் தேனீக்கூடு மாதிரிக் கேட்கும். ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு போகிற பழக்கமும் கவனம். 80 டெசிபல் எண்டால் கிழமைக்கு 40 மணித்தியாலம்தான் காதுக்குப் பாதுகாப்பு எண்டு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அளவு கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும்.

ஆனால் நாங்கள் மூன்று பேர். ஒருவர் வாசிக்க, ஒருவர் பாட, ஒருவர் மேசையில் தாளம் போடுவதுதான் எங்கட இரவு. ஹெட்போனுக்குள்ளே ஒருவர் போய்விட்டால் மற்ற இரண்டு பேருக்கும் கேட்பது அந்த நுளம்புச் சத்தம்தான். எங்களுக்கு அறைக்குள் ஒலி வேண்டும். அறைக்கு வெளியே வேண்டாம்.

இந்தத் தேவைக்கென்றே செய்த அம்புகள் கடந்த பத்துப் பதினைந்து வருசத்தில் வந்திருக்கின்றன. யமஹா 2011 அளவில் ரிஎச்ஆர் வரிசையைக் கொண்டுவந்தபோது அதை 'மூன்றாவது அம்ப்' எண்டு சொன்னது: மேடைக்கு ஒன்று, ஒத்திகைக்கு ஒன்று, வீட்டு மேசைக்கு ஒன்று. ரிஎச்ஆர்10இல் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் மாதிரி இரண்டு 8 சென்ரிமீற்றர் ஸ்பீக்கர். ரியூப் திணறுவதை உள்ளே கணினி மாதிரிச் செய்துவிட்டு, வெளியே எவ்வளவு மெல்லமாகவும் விடும். கெயினுக்கு ஒரு நொப், மாஸ்ரருக்கு ஒன்று, அறைக்குள் கேட்கிற சத்தத்துக்குத் தனியாக இன்னொன்று. போஸ் 2016இல் கொண்டுவந்த கட்டானாவின் 50 வோட் வகையில் 12 அங்குல ஸ்பீக்கர் இருக்கும். ஒரு சுவிச்சைத் திருப்பினால் அரை வோட்டுக்கு இறங்கும். மேடைக்கும் போகிற ஆள் எண்டால் அதுதான் வசதி. றோலண்ட் மைக்ரோ கியூப் 5 அங்குல ஸ்பீக்கரோடு ஆறு ஏஏ பற்றரியில் ஓடும். மூன்றாவதாக எங்கட வீட்டுக்கு வந்தது அதுதான். ஆச்சி முழு மதிப்பெண் குடுத்தா. எங்களுக்கோ தடித்த கம்பிகள் கொஞ்சம் மெலிந்து கேட்டன.

பற்றரியில் ஓடுவது எங்களுக்குச் சின்ன விசயம் இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. அந்த இருட்டில் வேலை செய்தது மரக் கிற்றார் ஒன்றுதான். அதே வருசம் 200 ரூபாயளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 ஆகியது. எங்களை மாதிரி ஆட்களுக்குப் புது அம்ப் கைக்கெட்டாத தூரத்துக்குப் போனது அப்பதான். அதுக்குப் பிறகு எங்கட வாத்தியச் சந்தை எண்டால், வெளிநாடு போகிறவை விற்றுவிட்டுப் போகிற சாமான்கள்.

நாலாவது அம்பும் அப்படித்தான் வந்தது. கோண்டாவில் பக்கம் ஒரு அக்கா, வீசா வந்துவிட்டது, ஒரு பயணப்பை 23 கிலோதான் எண்டு சொல்லி ரிஎச்ஆர்10 ஒன்றை விற்கப் போட்டிருந்தா. வாங்க முதல் ஒரு இரவு வீட்டில் வைத்துப் பார்க்கலாமா எண்டு கேட்டோம். "கொண்டு போங்கோ" எண்டா. கீழே ஆச்சி, மேலே நாங்கள், வழக்கமான சோதனை. பேஸ் நொப்பை நடுவுக்குக் கீழே வைத்து மிட்டைக் கூட்டினோம். 82 ஹேர்ட்ஸை முழுதாகத் தராமலே, அதன் மேல்சுரங்களை வைத்துத் தடித்த கம்பி தடிப்பாகக் கேட்டது. ஒரு சுரத்தின் அடி காணாமல் போனாலும் மேல்சுரங்கள் இருந்தால் காது தானாக அடியை நிரப்பிக்கொள்ளும். காது முதலில் செய்த வஞ்சகத்துக்கு அதுவே தருகிற பரிகாரம் மாதிரி. கீழே இருந்து ஆச்சி கேட்டா: "தொடங்கிற்றியளோ?" நாங்கள் இருபது நிமிசமாக வாசித்துக்கொண்டிருந்தோம்.

அக்காவிடம் காசைக் குடுக்கப் போனபோது ஒரு நிமிசம் அதை மடியில் வைத்து நொப்புகளைத் துடைத்துவிட்டுத்தான் தந்தா. அவவும் ஒரு மேல்மாடியில் வாசித்தவதான்.

அம்ப் வந்த பிறகும் வேலை மிச்சம் இருந்தது. அதில் ஒன்றுக்கும் காசு தேவையில்லை. அம்பை நிலத்தில் இருந்து எடுத்து, மடித்த போர்வைக்கு மேலே மேசையில் வைத்தோம். பெட்டியின் அதிர்வு கொங்கிறீற்றுக்குப் போவது குறைந்தது. மூலையில் இருந்து விலக்கினோம். மூலைச் சுவர் இரண்டும் பேஸைக் கூட்டிக் குடுக்கும். ஸ்பீக்கரைக் காதின் உயரத்துக்கு நிமிர்த்தினோம். உயர்ந்த சுரங்கள் ரோச் வெளிச்சம் மாதிரி நேரேதான் போகும், முழங்காலுக்கு அடித்தால் காதுக்கு வராது. கடைசியாக, கிட்ட இருந்தோம். வெளியில் எண்டால் தூரம் பாதியாகும்போது 6 டெசிபல் கூடும். அறைக்குள் அவ்வளவு இல்லாவிட்டாலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மூன்று கதிரையையும் மேசையைச் சுற்றி இழுத்துப் போட்டதில் எங்களுக்குக் கூடின சத்தம், ஆச்சிக்குக் கூடவில்லை.

மெல்லமாக வாசிப்பது கையையும் மாற்றியிருக்கிறது. பெரிய சத்தத்தில் அம்பே சுரத்தை இழுத்துப் பிடித்திருக்கும். இங்கே விரல்தான் பிடிக்க வேண்டும். பாடுகிறவர் கத்தத் தேவையில்லை, ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் சொல்லுகிற வசனமும் கேட்கிறது. அதுக்காகச் சத்தமாக வாசிப்பது கூடாது எண்டு நாங்கள் சொல்லவில்லை. மண்டபம் கிடைத்தால், ட்ரம்ஸும் இருந்தால், 100 வோட்டைத் திறந்து நெஞ்சு அதிர நிற்க எங்களுக்கும் ஆசைதான். ஒரே அதிர்வு ஒரு நெஞ்சுக்கு ஆனந்தமாகவும் இன்னொரு நெஞ்சுக்கு ஓட்டமாகவும் இருக்கும் எண்டது இப்ப தெரியும். எந்த நெஞ்சு கீழே படுத்திருக்கிறது எண்டு பார்த்துத்தான் நொப்பில் கை வைக்கிறோம்.

நீங்கள் அம்ப் பார்க்கப் போகிறீர்கள் எண்டால் ஒரு சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடையில் அம்பைப் போட்டு, அவரோடு குரலை உயர்த்தாமல் கதைக்கக்கூடிய அளவுக்குச் சத்தத்தைக் குறையுங்கள். அந்த அளவில் பத்து நிமிசம் வாசியுங்கள். தடித்த கம்பி இருக்கிறதா, நொப் ஆறுதலாக ஏறுகிறதா, இரைச்சல் கேட்கிறதா எண்டு பாருங்கள். கடைக்காரர் "கொஞ்சம் கூட்டிப் பாருங்கோவன், அப்பதான் தெரியும்" எண்டுவார். கூட்டாதீர்கள். முடிந்தால் ஒரு இரவு வீட்டுக்குக் கொண்டுபோய், நீங்கள் கீழே இறங்கி வந்து, வேறொருவரை மேலே வாசிக்க விட்டுக் கேளுங்கள்.

எங்கட அம்பில் இப்ப பேஸ் நாலு, மிட் ஏழு, ட்ரெபிள் ஐந்து. தங்கச்சிக்கு சோதனை நெருங்குவதால் இந்த மாதம் சத்தம் இன்னும் ஒரு கோடு கீழே. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஆச்சி படுக்கப் போக முதல் படிக்கட்டடியில் நின்று ஒரு பழைய பாட்டைக் கேட்பா. அதுக்கு ஒரு கோடு கூட்டுகிறோம்.